121 கொரோலாவின் ஓட்டோ கியர்பொக்ஸை வீட்டில் பிரித்துக் கட்டுவது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவின் பின்பக்கத் தகரக் கொட்டிலில் ஒரே கியர்பொக்ஸை இரண்டு தரம் பிரித்துக் கட்டியிருக்கிறேன். முதல் தரம் கட்டியது நாலு மாதம்தான் ஓடியது. இரண்டாம் தரம் கட்டியது இன்றைக்கும் ஓடுகிறது. இரண்டு தரமும் போட்டது ஒரே வகை கிளச் தட்டுகள், ஒரே வகை சீல் செட். கட்டிய கையும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கார் டொயோட்டா 121 கொரோலா, ஒன்றரை லீற்றர் இஞ்சின். அதில் இருப்பது யூ-340ஈ என்ற நாலு கியர் ஓட்டோ பொக்ஸ். அதற்கு வந்த வருத்தம் இது: ஒன்றும் இரண்டும் நன்றாக இழுக்கும், மூன்றுக்கு மாறும்போது இஞ்சின் மட்டும் கத்தும், காரில் வேகம் ஏறாது. நாலிலும் அதே கதை. றிவேர்ஸில் பிழையில்லை.

ஸ்பானரைத் தொட முன்னர் இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இந்தப் பொக்ஸுக்குள் சீ-1, சீ-2, சீ-3 என்று மூன்று கிளச், பீ-1, பீ-2, பீ-3 என்று மூன்று பிரேக்; கியருக்கு ஏற்றபடி ஒயில் அழுத்தத்தால் பிடித்து விடும் தட்டுக் கூட்டங்கள் இவை. எந்தக் கியரில் எது பிடிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. சீ-1 கிளச் ஒன்று, இரண்டு, மூன்றில் பிடிக்கும். சீ-2 மூன்றிலும் நாலிலும் பிடிக்கும். சீ-3 றிவேர்ஸில் மட்டும். என் காரில் ஒன்றும் இரண்டும் இழுத்ததால் சீ-1 நல்லாயிருக்கிறது. மூன்றும் நாலும் சேர்ந்து வழுக்கினால், அந்த இரண்டுக்கும் பொதுவாக இருப்பது சீ-2. இதைக் கொப்பியில் எழுதிவைத்த பிறகுதான் காரை ஜக்கில் ஏற்றினேன். றிவேர்ஸ் மட்டும் வழுக்கும் காராக இருந்தால் சீ-3ஐயும் பீ-3ஐயும் சந்தேகப்பட வேண்டும்.

வயர், சொலினோயிட் (கரண்டில் ஒயில் வழியைத் திறந்து மூடும் வால்வு) பக்கமும் பார்த்துவிடுங்கள். கியர் மாற்றும் சொலினோயிட்கள் இரண்டையும் மல்டிமீற்றரால் அளந்தால் 11 முதல் 15 ஓமுக்குள் காட்ட வேண்டும். எனக்குச் சரியாக இருந்தது. அப்புறம் பொக்ஸின் அடியில் இருக்கும் ஒயில் தட்டைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். என் தட்டிலோ கறுப்பு மண்டி, விரலில் தேய்த்தால் நார் நாராக வந்தது. மணம் கருகிய மணம். இதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை, பொக்ஸ் இறங்கத்தான் வேண்டும்.

இறக்கும் வேலை உடம்புக்குக் கஷ்டம், மூளைக்கு லேசு. பட்டரியைக் கழற்று, ஒயிலை வடி, இரண்டு ட்ரைவ் ஷாப்டையும் இழு, ஸ்டார்ட்டரை எடு. கீழ்த் துவாரத்தால், இஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கொடுக்கும் கொன்வேர்ட்டரின் போல்ட்டுகளை, இஞ்சினைக் கையால் சுழற்றிச் சுழற்றி ஒவ்வொன்றாகக் கழற்று. இரண்டு விஷயத்தில் மட்டும் அவதானம் தேவை. எங்கள் பக்கத்து மணல் நிலத்தில் ஜக் மெல்ல மெல்லப் புதையும்; ஸ்டாண்டுகளுக்குக் கீழே தடித்த பலகை போடாமல் காருக்குக் கீழ் தலையை நீட்டாதீர்கள். மற்றது, இடப்பக்க மவுண்ட் பொக்ஸோடு வந்துவிடும் என்பதால் இஞ்சினை மேலே குறுக்குக் குழாய் வைத்துச் சங்கிலியால் தாங்க வேண்டும். கொன்வேர்ட்டர் பொக்ஸோடு சேர்ந்தே இறங்கட்டும்.

இனித்தான் திருகோணமலைக்காரருக்கு உரிய சிக்கல். மணல். கடற்கரையில் இருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். கச்சான் காற்று எழும்பிவிட்டால் சோற்றுக் கோப்பையிலும் மண் கடிபடும். ஒயிலை எந்தக் கிளச்சுக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் வால்வ் பொடிக்குள் ஓடும் அலுமினிய வால்வுகளுக்கும் அவற்றின் துளைக்கும் இடையில் இருப்பது மயிரிழை இடைவெளி. ஒரு மணல் குருணி போதும், வால்வு பாதி வழியில் நின்றுவிடும். அதனால் மழையும் காற்றும் அடங்கிய மாசி, பங்குனியில் செய்தேன். பிரிப்பதைக் கொட்டிலில் செய்யலாம். கட்டுவதை வீட்டுக்குள்ளேதான் செய்ய வேண்டும். ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, மேசையில் புது பொலித்தீன் விரித்து, வியர்க்க வியர்க்கக் கட்டினேன். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, பிரேக் கிளீனர் அடித்து, கொம்பிரசர் காற்றால் உலர்த்த வேண்டும். துணியால் துடைக்கவே கூடாது. பழைய சாரத் துண்டில் இருந்து வரும் நூல், மணலைப் போலவே வால்வை அடைக்கும்.

கழற்றும்போது மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் போனில் படம் பிடித்தாள். “அப்பா, இந்தப் பக்கம் மேலயா கீழயா?” என்று கேட்டுக் கேட்டு, வொஷர்களிலும் பெயாரிங்குகளிலும் பெயின்ற் பேனையால் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் திருப்பிக் கட்டியிருக்க மாட்டேன். வால்வ் பொடி போல்ட்டுகள் வெவ்வேறு நீளம். அட்டையில் வால்வ் பொடியின் படத்தைக் கீறி, துளை இருக்கும் இடத்திலேயே அதனதன் போல்ட்டைக் குத்தி வையுங்கள். வால்வ் பொடியை மேல் கீழ் என்று பிரிக்கும்போது சிறு உருண்டைகள் உருளும். முதலில் படம், பிறகு எண்ணிக்கை, அப்புறம்தான் கை.

சீ-2 டிரம்மைத் திறந்ததும் சந்தேகம் உறுதியானது. கபில நிறமாக இருக்க வேண்டிய தட்டுகள் கரிபோல் இருந்தன, நடுவில் உள்ள இரும்புத் தட்டுகள் நீலம் பாய்ந்திருந்தன. பிஸ்டனை மீட்கும் ஸ்பிரிங்கை அமத்த வாங்கிய கருவி ஒன்றும் இல்லை. ஒரு ஜீ-கிளாம்பும், லேத் கடையில் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி எடுத்த குழாய்த் துண்டும் போதும். ஜன்னலால் ஸ்னாப் றிங்கை எடுக்கலாம். ஸ்பிரிங் தெறித்தால் கண் போகும், முகத்தை நேராக வைக்காதீர்கள். பிஸ்டனின் சீலை வெளியே எடுத்து வளைத்தேன், காய்ந்த புளியங்கோது மாதிரி உடைந்தது. சீல் இறுகினால் ஒயில் அழுத்தம் கசியும், தட்டு முழுப் பலத்தோடு பிடிக்காது, வழுக்கும், எரியும்.

முதல் தரம் நான் நிறுத்தியது இந்த இடத்தில்தான். கொழும்பில் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய தட்டையும் சீலையும் போட்டு மூடினேன். நாலு மாதத்தில் அதே கத்தல் திரும்பி வந்தபோது, முந்தி கராஜ் வைத்திருந்த வயதான பாஸ் ஒருவரிடம் போனேன். தட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, எரிஞ்சது தட்டு. எரிச்சது எது எண்டு பாத்தியா?”

பார்க்கவில்லை. சீல் இறுகியது சூட்டால். கியர் ஒயிலைக் குளிராக்கும் கூலர், ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கிறது. நான் வருடக்கணக்காக ரேடியேட்டருக்கு ஊற்றியது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கடற்கரைக் கிணறு, உவர்த் தண்ணீர். ரேடியேட்டர் கடையில் கீழ்த் தொட்டியைத் திறந்து காட்டினார்கள். எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை, கூலர் குழாயைச் சுற்றி விரல் நகம் அளவு தடிப்பில். அதற்குள் எப்படிச் சூடு இறங்கும்? ரேடியேட்டரையே மாற்றினேன், கூலன்ட் தவிர வேறொன்றும் ஊற்றுவதில்லை. உங்கள் காரில் கூலரே ஓட்டையாகி ஒயில் பாற்கலரில் வந்தால், எரியாத தட்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். தண்ணீர் அவற்றின் பசையை விடுவித்துவிடும். கொன்வேர்ட்டரை வீட்டில் திறக்க முடியாது. வெட்டிக் கழுவி மீண்டும் ஒட்டித் தருபவர்களிடம் கொழும்புக்கு அனுப்பினேன். முதல் தரம் அதையும் செய்யவில்லை, அதற்குள் தங்கிய கறுப்பு மண்டி புதுத் தட்டுகளுக்குள் வந்துவிட்டது.

கட்டும்போது: புதுத் தட்டுகள் குறைந்தது இரண்டு மணித்தியாலம் கியர் ஒயிலில் ஊற வேண்டும். சீல்களுக்குக் கிறீஸ் பூசாதீர்கள், வாஸ்லின் பூசுங்கள். அது ஒயிலில் கரைந்துவிடும். சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். தட்டுக் கூட்டத்தின் இடைவெளியை பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, கூடினாலோ குறைந்தாலோ வேறு தடிப்புள்ள கடைசித் தட்டைப் போட்டுச் சரிசெய்யுங்கள். அப்புறம் டிரம்மின் ஒயில் துவாரத்தில் 50, 60 பீ.எஸ்.ஐ. காற்று கொடுங்கள். “டொக்” என்று ஒரே சத்தத்தில் பிஸ்டன் பிடித்து, காற்றை நிறுத்தியதும் விட வேண்டும். “ஸ்ஸ்” என்று கசிந்தால் திரும்பக் கழற்றுங்கள், அந்தச் சத்தத்தோடு பொக்ஸை மூட வேண்டாம். வால்வ் பொடி போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீற்றர் போதும். டோர்க் ஸ்பானர் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள், அலுமினியம் பொறுக்காது.

ஏற்றும்போது கொன்வேர்ட்டர் பம்புக்குள் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அழுத்திச் சுழற்றினால் படிப்படியாக, டக் டக் என்று உள்ளே விழும். பொக்ஸ் முகத்தில் நேர்க்கோல் வைத்து ஆழத்தைப் பாருங்கள். இஞ்சினும் பொக்ஸும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். போல்ட்டால் இழுத்து ஒட்டவைத்தால் பம்ப் உடையும்.

ஒயில் டைப் டீ-4. சும்மா வடித்து மாற்றும்போது மூன்று லீற்றர் அளவில் போகும், பிரித்துக் கட்டிய பொக்ஸ் ஆறு லீற்றருக்கு மேல் குடிக்கும். நாலு லீற்றர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் மெதுவாகக் கொண்டுபோய் வந்து, பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். கடைசி அளவை ஒயில் சூடானபின் எடுங்கள்.

கன்னியாப் பக்கம் அமைதியாக ஓட்டிப் போய்வந்து, பிறகு உவர்மலை ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தேன். மூன்றுக்கு மாறியது எனக்குத் தெரியவேயில்லை, இஞ்சின் சுழற்சியைக் காட்டும் டக்கோ முள் இறங்கியதை மகள்தான் காட்டினாள். ஆயிரம் கிலோமீற்றரில் ஒயில் தட்டைத் திரும்பக் கழற்றினேன். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை, நார் ஒன்றும் இல்லை. துடைத்து, புது ஒயில் ஊற்றி மூடினேன்.