மருந்தை முதலில் குடிப்பது மண்தான்: ரசாயன மண் சுத்திகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிந்த இடம், கரைப்பான் ஊற்றி இயந்திரம் கழுவிய பட்டறை மனை போன்றவற்றை மண்ணை வெட்டி அள்ளாமலே சுத்தம் செய்ய ஒரு வழி உண்டு. ஆக்சிஜனேற்றும் ரசாயனத்தை (களத்தில் இதற்கு ‘மருந்து’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்) குழாய் வழியே உள்ளே செலுத்தினால் அது மாசின் மூலக்கூறுகளை உடைத்துவிடும். ஏட்டில் அவ்வளவுதான். மதுரை மாவட்டத்தின் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கணக்கு வேறு.

மாசு எத்தனை கிலோ என்று பார்த்து, அதற்கு மட்டும் மருந்து வாங்குவதுதான் பெரிய தவறு. மண்ணில் உள்ள மக்கிய இலைதழையும் இரும்புச் சேர்மங்களும் மாசோடு போட்டி போட்டு மருந்தைத் தின்னும். ஒரு கிலோ மண் 5 கிராம் பெர்மாங்கனேட் என்ற ஊதா நிற மருந்தைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என்றால் மண் ஏறக்குறைய 480 டன். மண்ணின் பசிக்கு மட்டும் 2,400 கிலோ! இதை முன்கூட்டியே அறிய எளிய சோதனை இருக்கிறது. மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, அளந்த பெர்மாங்கனேட் கரைசலை ஊற்றி 48 மணி நேரம் வைப்பார்கள். ஊதா நிறம் நின்றால் மருந்து மிச்சம் இருக்கிறது. நிறம் வெளுத்து அடியில் பழுப்புக் கசடு படிந்தால் மண் குடித்து முடித்துவிட்டது. அந்தக் கசடு மாங்கனீசு டை ஆக்சைடு. மிகுந்தால் மண்ணின் துளைகளையே அடைத்துவிடும். மேல்மண்ணும் பத்தடிக்குக் கீழே உள்ள மண்ணும் ஒரே அளவு குடிப்பதில்லை. ஒரு குப்பியோடு சோதனையை முடிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கரிசலுக்கு அடியில் பல இடங்களில் சுக்கான் எனும் சுண்ணாம்புக் கட்டி இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சேர்ந்த ஃபென்டன் முறை, அமிலத்தன்மை 3 பி.எச். அளவில் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். சுக்கான் மண்ணில் அமிலத்தை ஊற்ற ஊற்ற நுரைத்து அடங்கும், பி.எச். இறங்காது. போதாததற்குச் சுக்கானில் உள்ள கார்பனேட், பெராக்சைடிலிருந்து பிறந்து மாசை உடைக்க வேண்டிய ஹைட்ராக்சில் கூறுகளையும் பிடித்துக்கொள்ளும். மண்மீது ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். பொங்கினால் வேறு முறையை யோசிக்கலாம்.

மாசுக்குப் பொருந்தாத மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. இயந்திரம் கழுவும் கரைப்பானான ட்ரைகுளோரோஎத்திலீனைப் பெர்மாங்கனேட் வேகமாக உடைக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீனிடம் அதன் பாச்சா பலிக்காது. அதற்கு வெப்பம், காரம் போன்றவற்றால் தூண்டப்பட்ட பெர்சல்ஃபேட் என்ற வேறொரு மருந்து வேண்டும். அது இரும்புக் குழாய்களை அரிக்கும் என்பதை மறக்கக் கூடாது. கெட்டியான கழிவு எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி எடுப்பதே மேல். நிலத்தடி நீர்மேல் மிதக்கும் பெட்ரோலை முதலில் இறைத்துவிட வேண்டும்.

உலோகங்களை எந்த ஆக்சிஜனேற்றமும் அழிக்காது. திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றியுள்ளது போன்ற குரோமியம் கலந்த மண்ணில் இம்மருந்துகளைச் செலுத்தினால், ஓரளவு சாதுவான மூன்று இணைதிறன் குரோமியம் நஞ்சான, நீரில் எளிதில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். குரோமியம் பார்க்காமல் ஒரு லிட்டர்கூட இறக்கக் கூடாது.

பெர்மாங்கனேட் மூட்டைக்குப் பக்கத்தில் எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டைப் போட்டு வைக்கிறார்கள். தீப்பற்ற வேறொன்றும் வேண்டாம். பெராக்சைடு கேன்களைச் சித்திரை வெயிலில் நிறுத்துவதும் அதே ரகம்.

கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அப்போது செலுத்தும் கரைசல் வெடிப்பு வழியே ஓடிவிடும், களிக்கட்டிக்குள் நுழையாது. அழுத்தத்தைக் கூட்டினால் தரைமேல் பீறிடும், அல்லது அடுத்தவர் கிணற்றுக்கோ கண்மாய்க்கோ போகும். களிக்குள் தங்கிய மாசு பின்னர் மெல்லக் கசிந்து நீரில் மீண்டும் ஏறும். இதனால்தான் மருந்து இறக்கிய சில வாரங்களில் எடுத்த ஒரே நீர்மாதிரியை நம்பிப் பணத்தை முழுதாகக் கொடுத்துவிடக் கூடாது. மருந்து முற்றிலும் தீர்ந்த பிறகு ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறியதும் ஒன்று, அது இறங்கிய கோடையில் ஒன்று என மாதிரி எடுக்க வேண்டும். கடைசித் தவணையை அந்தக் கோடை முடிவு கைக்கு வந்த பின் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.