பூம்பாறையை வானம் இல்லாமல் எடுத்துப் பாருங்கள்

கொடைக்கானல் போய் வந்த பலரின் போனிலும் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறை இருக்கும்: மேலே வானம், நடுவில் ஓட்டு வீடுகள், கீழே அடுக்கு வயல். நல்லாத்தான் இருக்கும், ஆனால் அது ஊரின் படம். உங்களை வண்டியை நிறுத்த வைத்தது மலைச்சரிவில் வெட்டி வைத்திருக்கும் அந்த வளைந்த வரிகள்தான் என்றால், வரிகளை மட்டும் எடுங்கள், மற்றதெல்லாம் வெளியே போகட்டும். பொருளைவிட அதன் வடிவமும் கோடும் நிறமும் முன்னால் நிற்கிற இப்படிப்பட்ட படத்தைத்தான் அருவப் படம் என்கிறேன்.

தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸ் இருந்தால் சாலையோரத்தில் நின்றே வானத்தையும் கூரைகளையும் வெட்டிவிடலாம். போன் என்றால் அதிலுள்ள டெலி லென்ஸ் வரைக்கும் போங்கள், அதற்கு மேல் விரலால் இழுத்தால் வரிகள் குழைந்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வரப்புக்கும் நிழல் கிடைக்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். பூண்டு வயலில் யாராவது குனிந்து வேலை செய்துகொண்டிருந்தால் அவரையும் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் பார்ப்பவர் கண் நேராக அவரிடம்தான் போகும், அப்புறம் வரி எங்கே? அவர் நகரும்வரை நான் காத்திருப்பேன். கறுப்பு வெள்ளையாக மாற்றவும் அவசரப்படாதீர்கள், பச்சையும் உழுத மண்ணும் மாறி மாறி வருவதுதான் சில வயல்களின் விஷயமே.

கொடைக்கானல் பைன் காட்டில் ஷட்டரை 1/4 அல்லது 1/8 நொடியில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்வை) குறைத்து, கேமராவை மரத்தோடு மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே அமுக்குங்கள். பட்டையும் கிளையும் கரைந்து நெடுநெடு உயரம் மட்டும் நிற்கும். ஆட்களின் சட்டை நிறம் கோடாக விழாமல் இருக்கச் சற்று மேலே பார்த்து எடுக்க வேண்டும். நிறையப் படம் வீணாகும், பரவாயில்லை. எனக்கென்னவோ இந்த உத்தி அலுத்துவிட்டது, ஆனால் பழகுவதற்கு நல்லது.

மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மேகம் ஏறி வந்தால் கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை கூட்டுங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் தடுமாறினால் ஒரு கிளையின் ஓரத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அருவம் என்றதும் "இது என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்று விடுகதை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பம் இல்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்டு வெஸ்டன் 1930இல் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலின் வாய்க்குள் வைத்து எடுத்த படத்தில், அது குடமிளகாய் என்று யாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த முறுக்கும் திரட்சியும்தான் முதலில் கண்ணில் படும்.

மழை பிடித்து அறையிலேயே அடைந்துகிடந்தால் இதை நீங்களும் செய்யலாம். மார்க்கெட்டில் ஒரு சௌசௌ வாங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில், பின்னால் கறுப்புத் துணி விரித்து வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, பள்ளமான கோடுகளில் நிழல் தேங்கும்வரை காயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். போனில் காயின் வெளிச்சமான பக்கத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள். இல்லாவிட்டால் துணி வெளுத்துத் தெரியும்.