வாடைக் காற்றிலும் வெளுக்காத கலப்பு மென்சவ்வு: திருகோணமலையில் வார்ப்பவர்களுக்கு

நைதரசனிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிக்கும் மென்சவ்வை முதன்முதலாக வார்ப்பவருக்குச் செல்லுலோசு அசற்றேற்றுடன் பொலியெதிலீன் கிளைக்கோல் சேர்ந்த கலவை கைக்கு அடங்கும். அசற்றேற்று படலத்துக்கு வலுக் கொடுக்கும். கிளைக்கோலின் ஈதர் ஒட்சிசன்கள் காபனீரொட்சைட்டைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும்.

கரைசல்: செல்லுலோசு அசற்றேற்று 1.8 கிராம், 600 தரக் (சராசரி மூலக்கூற்று நிறை 600) கிளைக்கோல் 0.2 கிராம், அசற்றோன் 18 கிராம். தூளை முதல் நாள் இரவே 60 பாகை செல்சியசில் உலர்த்திவிடுங்கள். அசற்றோன் சுழன்றுகொண்டிருக்கும்போதே தூளைத் தூவ வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் களி கிண்டும்போது விழுவதுபோல் கட்டி விழும். வெளியே பசை, உள்ளே உலர்மா. தெளிந்ததும் கிளைக்கோலை விட்டு, போத்தலை இறுக மூடி 4 மணித்தியாலம் கலக்குங்கள். குமிழி அடங்க ஓரிரவு அசையாமல் இருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு ஆகவே ஆகாது.

வார்ப்பு: 9 சென்ரிமீற்றர் பெத்திரிக் கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 64 சதுர சென்ரிமீற்றர். 50 மைக்குரோமீற்றர் தடிப்புக்கு 0.4 கிராம் பல்பகுதியம் (அசற்றேற்றும் கிளைக்கோலும் சேர்ந்து), அதாவது 4 கிராம் கரைசல் போதும். அளவுக்குழாயை நம்பாமல் தராசில் வைத்தே ஊற்றுங்கள். மேசையை ரசமட்டம் வைத்துப் பார்க்காவிட்டால் ஒரு பக்கம் தடித்துப்போகும்.

பெரும்பாலும் பிழைக்கும் இடம் இதற்குப் பிறகுதான். அசற்றோன் ஆவியாகையில் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் பனிபோல் படிகிறது. நீர் இந்தப் பல்பகுதியத்தைக் கரைக்காது. ஆகவே அது பிரிந்து துளைகளாகி, படலம் பால்போல் வெளுக்கும். வெளுத்ததை வீசிவிடுங்கள், சூடாக்கினாலும் தேறாது. வாடைக் காற்றும் மழையுமான மாதங்களில் கிண்ணத்தைச் சிலிக்கா ஜெல் நிறைந்த மூடிய பெட்டிக்குள் வைக்காமல் வார்க்க வேண்டாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் உலர்த்தி மாற்றுங்கள். கச்சான் வீசும் காலத்தில் தொல்லை வேறு: விரைந்து உலர்ந்து படலம் சுருங்கும். எப்போதும் கிண்ணத்தின் மேல் ஒரு புனலைக் கவிழ்த்து, குழாய் முனையை வடிதாளால் மூடினால் அசற்றோன் மெல்ல வெளியேறும்.

ஒரு நாள் கழித்து ஓரத்தை பிளேட்டால் கிளப்புங்கள். ஒட்டிக்கொண்டதென்று நீரூற்றினால் கிளைக்கோல் கழுவுண்டு போய்விடும். பின் வெற்றிட அடுப்பில் 60 பாகையில், நிறை மாறாதிருக்கும்வரை உலர்த்துங்கள். எஞ்சிய அசற்றோன் படலத்தை இளக்கி, ஊடுபுகவிடும் அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

சோதனை: இரண்டு வாயுவையும் ஒரே அமுக்கத்தில் தனித்தனியே விடுங்கள். நல்ல படலத்தில் காபனீரொட்சைட்டு நைதரசனைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும். காபனீரொட்சைட்டின் வேகத்தை நைதரசனின் வேகத்தால் வகுத்த விகிதம் 0.8 அளவில் நின்றால் ஊசித்துளை இருக்கிறது. நுண்துளை வழியே பாரமான வாயுவே பிந்தும். 10 சதுர சென்ரிமீற்றர் படலத்தில், இரு பக்க அமுக்க வேறுபாடு 2 பார் இருக்கையில், 1 மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டு கடக்கவே ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகலாம். வெளிவரும் வாயுவை அளக்கும் குழாயில் சவர்க்காரக் குமிழி மளமளவென ஏறினால் மகிழ வேண்டாம், ஓரத்து ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள்.