பெட்ரோலா, ஹைப்ரிடா, மின்சாரமா: காரை நிறுத்தும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

சிறிய கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விலைப்பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரவில் கார் நிற்கும் இடத்திற்கு உங்கள் சொந்த மின் இணைப்பிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் மின்சாரக் காரை முதலில் பரிசீலிக்கலாம். தெருவோரத்திலோ பொது வாகன நிறுத்தத்திலோதான் நிறுத்தியாக வேண்டும் என்ற நிலையில், எவ்வளவு நல்ல மின்சாரக் காராக இருந்தாலும் அது வாரந்தோறும் உங்கள் நேரத்தைத் தின்னும். அப்படிப்பட்டவர்களுக்கு, பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் அல்லது சாதாரண பெட்ரோல் காரையே நான் பரிந்துரைப்பேன்.

வீட்டில் சார்ஜ் செய்யப் பெரிய ஏற்பாடு தேவை என்று பலர் எண்ணுகிறார்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் 10 ஆம்பியர் எடுக்கும் சாதாரண பிளக் 2.3 கிலோவாட் தரும். பத்து மணி நேரத்தில் அது 23 யூனிட். மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்குச் சிறிய மின்சாரக் கார் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஓர் இரவில் 130 கிலோமீட்டருக்கும் மேலான ஓட்டம் சேர்ந்துவிடுகிறது. 32 ஆம்பியர் சுவர் சார்ஜர் 7.4 கிலோவாட் தரும் என்றாலும், பலருக்கு அது அவசியமே இல்லை. ஆனால் ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. பல மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் பாயும்போது பழைய வயரிங்கும் தளர்ந்த இணைப்புகளும் சூடேறும். ஆகவே தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தனி சர்க்யூட்டும் சரியான எர்த் இணைப்பும் அமைத்த பிறகே சார்ஜ் செய்யத் தொடங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், எந்த மீட்டரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதைக் குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்துமூலமாகப் பெற்றுக்கொள்வது நல்லது.

அடுத்து, இரண்டு வாரங்களுக்குத் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். விளம்பரத்தில் சொல்லப்படும் தூரத்தில் முக்கால் பங்கை மட்டும் கணக்கில் எடுப்பது என் வழக்கம். 300 கிலோமீட்டர் என்று சொல்லப்படும் கார், இந்தக் கணக்கில் 225 கிலோமீட்டர் ஓடும். பேட்டரியை 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை மட்டும் பயன்படுத்தினால் 135 கிலோமீட்டர் கிடைக்கும். உங்கள் வழக்கமான நாள் இதற்குள் அடங்கினால் கவலையில்லை. நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட இந்தத் தூரம் குறையும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 80 கிலோமீட்டர் வேகத்தைவிட 110 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. கடுங்குளிரிலும் தூரம் குறையும்; பெட்ரோல் காரில் என்ஜினின் வீண் வெப்பமே உள்ளிடத்தைச் சூடாக்கிவிடும், மின்சாரக் காரிலோ அந்தச் சூட்டுக்கும் பேட்டரிதான் செலவழிக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை போகும் 600 கிலோமீட்டர் பயணத்தை மனத்தில் வைத்துக் கார் வாங்குபவர்கள் அநேகர். அந்த ஒரு பயணத்துக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, மற்ற நாள்களுக்குப் பொருத்தமானதை வாங்குவதே அறிவுடைமை. மாதத்தில் பலமுறை அப்படிப் போகிறவர்களின் நிலை வேறு. அவர்கள் ஹைப்ரிடை வாங்கட்டும்.

செலவை ஒப்பிட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் ஒரு லிட்டரில் ஓடும் தூரத்தை மின்சாரக் கார் 3 யூனிட்டில் ஓடிவிடும். லிட்டருக்கு 24 கிலோமீட்டர் தரும் ஹைப்ரிடோடு ஒப்பிட்டால் 4 யூனிட். உங்கள் ஊர் விலைகளை இதில் போட்டுப் பாருங்கள். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக உயரும் இடங்களில், காருக்காகக் கூடும் யூனிட்டுகள் உச்சப் படியில்தான் விழும் என்பதால் அந்த விலையையே எடுக்க வேண்டும். பொது வேக சார்ஜர்களின் கட்டணத்தையும் தனியே போட்டுப் பாருங்கள். அவற்றை மட்டுமே நம்பினால் மிச்சம் பெரிதும் கரைந்துவிடக்கூடும். பிறகு, இரு கார்களின் முழு விலை வித்தியாசத்தை, காப்பீடும் சார்ஜர் அமைக்கும் செலவும் உட்பட, ஒரு கிலோமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்தால், எத்தனை கிலோமீட்டரில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரியும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு அது பெரும்பாலும் திரும்பாது. அவருக்குச் சிறிய பெட்ரோல் காரே போதும்.

ஹைப்ரிட் என்ற பெயரைக் கண்டதும் நம்பிவிட வேண்டாம். என்ஜினுக்குச் சிறிது உதவி மட்டும் செய்யும் மைல்டு ஹைப்ரிட்டில் எரிபொருள் மிச்சம் மிகக் குறைவு. முழு ஹைப்ரிட், பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்து, நெரிசலில் என்ஜினை நிறுத்தியே நகரும். ஆகவே நின்று நின்று போகும் நகரச் சாலையில்தான் அதன் பலன் அதிகம். சோதனை ஓட்டத்தில் மெதுவாகக் கிளப்பும்போது என்ஜின் ஓடாமலே கார் நகர்கிறதா என்று கவனித்தால் இது எந்த வகை என்பது விளங்கிவிடும். வெளியிலிருந்து பிளக் மூலம் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிட், தினமும் சார்ஜ் செய்பவருக்கு மட்டுமே பொருளுள்ளது. செய்யாவிட்டால் கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் காராகத்தான் அது இருக்கும்.

பேட்டரி எந்த வேதி வகை என்று கட்டாயம் கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை அதிக முறை சார்ஜ் ஏற்றித் தீர்ப்பதைத் தாங்கும், 100 சதவீதம் வரை ஏற்றினாலும் பெரிதாகப் பாதிக்கப்படாது. நிக்கல் கலந்த வகை குறைந்த எடையில் அதிக தூரம் தரும், ஆனால் அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் பரவலாகத் தரப்படுகிறது. அந்த 70 சதவீதம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மின்சாரக் கார் வாங்குவதானால், ஓடிய கிலோமீட்டரைவிட மீதமுள்ள கொள்ளளவைக் காட்டும் அறிக்கையே முக்கியம்.

பராமரிப்பில் மின்சாரக் காருக்கு என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் இல்லை. டயர்கள் மட்டும் எடையின் காரணமாகச் சற்று விரைவில் தேயும்.

முன்பணம் கட்டுவதற்கு முன்பு, அதே மின்சாரக் காரையோ அதைப் போன்ற ஒன்றையோ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான பாதையில், வழக்கமான நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓர் இரவு உங்கள் பிளக்கிலேயே சார்ஜ் ஏற்றுங்கள். வழியிலுள்ள பொது சார்ஜர் ஒன்றில், உங்களுக்குத் தேவைப்படக்கூடிய அதே மணியில் போய் நின்று, அது வேலை செய்கிறதா, முன்னால் எத்தனை கார்கள் காத்திருக்கின்றன என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.