லாமோட்ரிஜின்: மெதுவாக ஏற்ற வேண்டிய மாத்திரை

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் ஃபிட்ஸ் நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலைதான். அப்போது பழைய மாத்திரையோடு கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பார்கள். அப்படி அடிக்கடி சேர்க்கப்படுவது லாமோட்ரிஜின். பெரும்பாலும் எடை கூடாது, மந்தமும் குறைவு. பொறுமை இல்லாத வீட்டில்தான் சிக்கல்.

"மூணு வாரமாச்சு, ஒண்ணும் கேக்கலையே" என்று தாமாகவே அளவைக் கூட்டிவிடுகிறார்கள். ஏற்கெனவே வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சாப்பிடும் வயதுவந்தவருக்கு வழக்கமான தொடக்கம் 25 மி.கி., அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம். வால்ப்ரோயேட் இல்லாமல் கார்பமாசெபின் என்ற வேறொரு வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்கோ தினமும் 50 மி.கி. வால்ப்ரோயேட் லாமோட்ரிஜினை உடலில் இருந்து வெளியேற விடாமல் பிடித்து வைக்கும், கார்பமாசெபின் விரட்டிவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு உங்களுக்கு உதவாது.

அவசரப்பட்டால் தோலில் தெரியும். பெரும்பாலும் இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் தடிப்பு வரும். நம் வெயிலில் அதை வேர்க்குரு என்று நினைத்து பவுடர் போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு என்றால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாக, அதாவது தோல் உரியும் கடுமையான மருந்து எதிர்விளைவாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. வெறும் தடிப்பானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஐந்து நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, பெரும்பாலும் மறுபடி அடிமட்ட அளவிலிருந்தே ஏற வேண்டும். ஊருக்குப் போகும்போது மாத்திரையைத் துணிமணிக்கு முன்னால் எடுத்து வையுங்கள்.

பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைத் தொடங்கினால் ரத்தத்தில் லாமோட்ரிஜின் பாதியாகக்கூடக் குறையும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். கர்ப்பத்திலும் குறையும். மகப்பேறு மருத்துவரிடம் இந்த மாத்திரையைச் சொல்லக் கூச்சப்படுவதும், குழந்தைக்கு ஆகாது என்று தாமே நிறுத்துவதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

கடையிலும் கவனம் வேண்டும். லாமிக்டால் என்பது இந்த மருந்து. லாமிசில் என்பது படர்தாமரைக்குக் கொடுப்பது. பெயர் ஒலி ஒன்றுபோல் இருப்பதால் மாற்றிக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. 25க்குப் பதில் 100 அட்டை வந்தாலும் அதே வம்பு. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பையில் போடுங்கள்.