ஒரே டிஸ்ட்ரிக்ட், நாலு ஸ்கூல்: ரிசல்ட் வித்தியாசத்தை எப்படி படிக்கிறது

நியூ ஜெர்சில வீடு தேடுற நம்ம ஆளுங்க முதல்ல பாக்குறது ஸ்கூல் ரேட்டிங்தான், 10க்கு 8ன்னா ஓகே, 6ன்னா அந்த ஏரியாவே வேணாம்னு விட்டுடறாங்க. பிரின்ஸ்டன் மாதிரி சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (ஒரு ஊரோட பப்ளிக் ஸ்கூல் எல்லாத்தையும் ஒரே போர்டு நடத்துற அமைப்பு) தயவுசெஞ்சு அப்படி முடிவெடுக்காதீங்க. அங்க எலிமெண்டரியே மொத்தம் நாலுதான், கம்யூனிட்டி பார்க், ஜான்சன் பார்க், லிட்டில்புரூக், ரிவர்சைடு. நாலுக்கும் ஒரே போர்டு, ஒரே சூப்பரிண்டெண்டண்ட்.

ஸ்டேட் வெளியிடுற ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டை எடுங்க, காசு கிடையாது. என்ஜேஎஸ்எல்ஏன்னு ஸ்டேட் நடத்துற டெஸ்ட்ல 750ம் அதுக்கு மேலயும், அதாவது லெவல் 4, 5 வந்த பசங்க எத்தனை சதவீதம்னு இருக்கும், இதைத்தான் பாஸ் சதவீதம்னு சொல்றேன். ஒரு கிரேடுல 50 பேர்னா ஒவ்வொரு புள்ளையும் 2 சதவீதம், அஞ்சு பேர் 748, 749ல நின்னுட்டாலே 10 பாயிண்ட் போச்சு, அதுக்காக டீச்சர் சரியில்லன்னு சொல்லிட முடியுமா? மூணு வருஷ ரிப்போர்ட்டையாவது பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

அப்புறம் எஸ்ஜிபி (ஸ்டூடண்ட் குரோத் பெர்சென்டைல்), அதே ரிப்போர்ட்ல இருக்குற முன்னேற்ற நம்பர். இதை யாருமே பாக்க மாட்டேங்குறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். ஸ்டேட்ல இதுக்கு முன்னாடி இதே மாதிரி மார்க் வாங்கின பசங்களோட ஒப்பிட்டு நம்ம புள்ள எவ்ளோ முன்னேறிருக்குன்னு 1லேருந்து 99 வரைக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க, ஸ்கூலுக்கு அதோட மீடியன், அதாவது எல்லா பசங்க நம்பரையும் வரிசையா வச்சா நடுவுல வர்றது, 50 பக்கத்துல இருந்தா சராசரி. பாஸ் சதவீதத்துல வீட்டு வருமானமும் அப்பா அம்மா படிப்பும் நிறைய கலந்திருக்கும், ஸ்கூலோட உழைப்பு எஸ்ஜிபிலதான் கொஞ்சமாவது தெளிவா தெரியும். பாஸ் சதவீதம் கம்மி ஆனா எஸ்ஜிபி 60ன்னா நான் அந்த ஸ்கூலுக்கு தைரியமா அனுப்புவேன்.

அதே ரிப்போர்ட்ல வருமானம் கம்மியான வீட்டு பசங்க, இங்கிலீஷ் கத்துக்கிட்டிருக்கிற பசங்கன்னு தனித்தனியாவும் இருக்கும். ரெண்டு ஸ்கூல்லயும் ஒரே குரூப்பை ஒப்பிடுங்க. மொத்த சதவீதத்துல இருந்த வித்தியாசம் பல சமயம் இங்க சுருங்கிடும், சுருங்கலன்னா அப்போதான் ஸ்கூலை கேள்வி கேக்கணும். (பசங்க ரொம்ப கம்மியா இருக்குற குரூப்புக்கு நம்பர் போடமாட்டாங்க.)

எந்த ஸ்கூலுக்கு யார் போறாங்கன்றது, எந்தத் தெரு எந்த ஸ்கூலுக்குன்னு எல்லைக்கோடு போடுறவங்க கையில இருக்கு. இதே ஊர்ல 1948ல கறுப்பின பசங்க ஸ்கூலையும் வெள்ளைக்கார பசங்க ஸ்கூலையும் இணைச்சு, சின்ன கிளாஸ் எல்லாரும் ஒரு கட்டிடம், பெரிய கிளாஸ் எல்லாரும் இன்னொண்ணுன்னு மாத்தினாங்க, பிரின்ஸ்டன் பிளான்னு அதுக்கு பேரே வந்துடுச்சு. அதனால போர்டு மீட்டிங் போங்க, யார் வேணா போலாம், எல்லைக்கோடு எப்போ கடைசியா மாத்துனீங்க, பின்தங்கின குரூப்புக்கு எந்த ஸ்கூல்ல எத்தனை ரீடிங் டீச்சர் போட்டிருக்கீங்கன்னு கேளுங்க.