பழைய ஒற்றைக்குழல் 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி: உதை குறைய என்ன செய்யலாம்

மலிவு விலையில் வந்த பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியைச் சுட்டால், அது பின்னோக்கி உதைத்துத் தோள் கன்றும், கன்னத்தில் அறை விழும். அதைச் சீர்செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் குழலுக்குக் கறுப்பு ஏற்றுவதிலும் கட்டைக்கு வார்னிஷ் அடிப்பதிலும்தான் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. பத்திரமாகச் சுடுமா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு உடம்புக்குப் பொருந்துகிறதா என்று. பளபளப்புக்கு அதன்பின் காசு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் எடுக்கும் முன் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் உதிரிபாகமும் அடக்கம். அதனால் கட்டையை மட்டும் கழற்றித் தெருத் தச்சரிடம் கொடுத்து வாங்குவதும் வேண்டாம். உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். குழலைக் குட்டையாக்குவது தனிக் குற்றம், பிரிவு 6. கடலூர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு நிர்வாகம். புதுச்சேரிக் கடைக்கு எடுத்துப் போகுமுன் உங்கள் உரிமம் எந்தப் பகுதி வரை செல்லும் என்று அதிலேயே படித்துப் பாருங்கள். பாகூர்ப் பக்கத்திலிருந்து கடலூருக்கு வருபவர்களுக்கும் இதே கதைதான்.

சோதனை

துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலைப் பிடித்து ஆட்டுங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் இறுக்கம் ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்வது. 'டக் டக்' என்று ஆடினால் குழல் மடியும் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது; பழுதுபார்ப்பவர் சரிசெய்யும்வரை சுடக் கூடாது.

அடுத்து குழலைத் தனியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே முழு வளையமாக நிழல் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது. பிறை போல அரை நிழல் என்றால் வெளியிலிருந்து விழுந்த நசுங்கல். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் துரு தின்ற குழிகள். கடற்கரை ஊரில் அவை இல்லாத பழைய துப்பாக்கி அபூர்வம். ஆழமான குழியும் வீக்கமும் சுவர்க் கனத்தை அளந்து பார்க்க வேண்டிய விஷயம். கண் மதிப்பில் முடிவெடுக்காதீர்கள். 2015 வெள்ளத்திலோ 2024 ஃபெஞ்சல் புயலிலோ தண்ணீரில் கிடந்தது என்றால், கட்டையைக் கழற்றி உள்ளிரும்பைப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம்.

தோட்டா அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) நீளத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய அறைகள் பல 65 மில்லிமீட்டர். அதில் 70 மில்லிமீட்டர் தோட்டா சுலபமாக நுழையும், ஏனென்றால் சுடாத தோட்டா, வாய் மடித்திருப்பதால் குட்டையாக இருக்கிறது. சுட்டதும் மடிப்பு விரிந்து, அறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தை நெருக்கும்; அழுத்தம் எகிறும், உதையும் கூடும். 'இந்தத் துப்பாக்கி ரொம்ப உதைக்குது' என்ற புகாருக்குச் சில நேரம் காரணமே இதுதான்.

அளவு

கட்டையின் நீளம் என்பது விசையிலிருந்து 'பட்'டின் (தோளில் பதியும் கட்டை முனை) பின்முகத்து நடுவரை உள்ள தூரம். கடையில் வருவது பெரும்பாலும் 14 முதல் 14½ அங்குலம். ஐந்தடி நாலங்குல ஆளுக்கு, அதுவும் மெல்லிய சட்டையில், 13½ போதும். தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்தால் மூக்குக்கும் பிடித்த கையின் கட்டைவிரல் முட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அதைவிடக் குறைந்தால் முட்டி மூக்கில் இடிக்கும். கூடினால் பட் தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் நிற்கும். நீலம் பாரிப்பது அங்கேதான்.

கட்டையைக் குட்டையாக்க வெட்டும்போது, பட்டின் பின்னே பொருத்தும் ரப்பர் பேடின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். முடிவில் 13½ வேண்டும், பேட் 1 அங்குலம் என்றால் விசையிலிருந்து 12½-இல் வெட்டுக்கோடு. தேய்த்துச் சமன்செய்ய 1/16 அங்குலம் விட்டு, கோட்டின் மேல் டேப் ஒட்டி, நைஸான பல்லுள்ள வாளால் அறுக்கச் சொல்லுங்கள். டேப் இல்லாவிட்டால் ஓரம் சிலும்பும். கட்டையை இழுத்துப் பிடிக்கும் நீளமான போல்ட் உள்ளே இருந்தால், அதன் தலை வெட்டுக்கோட்டுக்குள் வராததை முதலில் பார்க்க வேண்டும். வெட்டிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.

கன்னத்தில் அறை விழுவதற்குக் காரணம் வேறு. மலிவான பழைய கட்டைகள் பின்பக்கம் குழலின் கோட்டிலிருந்து 3 அங்குலம்வரை தாழ்ந்து இறங்கும். சுடும்போது குழல் மேலே துள்ளிக் கட்டை கன்ன எலும்பில் மோதும். இதற்கு வெட்டவே வேண்டாம்: கயிற்றால் கட்டும் தோல் கன்னப்பட்டையை மாட்டி, அடியில் 3 மில்லிமீட்டர் ரப்பர் தாளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இரண்டு மூன்று தாளில் வித்தியாசம் தெரியும். கன்னம் படும் இடத்தை 1/16 அங்குலம் உயர்த்தினால் 16 கஜத்தில் குண்டுகளின் சிதறல் சுமார் 1 அங்குலம் மேலே போகும். எனவே ஒவ்வொரு தாளுக்கும் ஒருமுறை சுடுதளத்தில் காகிதத்தின் மேல் சுட்டுப் பாருங்கள்.

உதையைக் குறைக்க இன்னொரு வழி எடை. 2.7 கிலோ துப்பாக்கியில் 300 கிராம் சேர்த்தால் உதையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு குறையும். துறைமுகப் பக்கத்து வலைக்கடையில் விற்கும் ஈயக்குண்டு இதற்குத் தோது. துணியில் சுற்றி, பட்டின் உட்துளையில் ஆடாமல் செருக வேண்டும். பசை ஊற்றி நிரந்தரமாக்கினால் பின்னாளில் போல்ட்டை முடுக்க வழியிருக்காது. 24 அல்லது 28 கிராம் ஈயம் மட்டுமே உள்ள இலேசான தோட்டா கிடைத்தால் அதைவிடச் சுலபமான மருந்து வேறில்லை.

மரமும் இரும்பும்

கட்டையில் விரிசல் பெரும்பாலும் இரும்பின் பின்வாலை (மரத்துக்குள் நீளும் இரும்புப் பகுதி) ஒட்டித்தான் தொடங்கும். போல்ட் தளர்ந்து, ஒவ்வொரு உதையிலும் இரும்பு ஆப்பு போல மரத்தைப் பிளக்கிறது. வருடக்கணக்கில் எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. சாக்பீஸ் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிட்டு, தூள் மஞ்சளாவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். காற்றோட்டமான இடம், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. பிறகு மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசை, 24 மணி நேரம் கட்டிவைப்பு. பின்வாலுக்குப் பின்னே அரை மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் அதே இடத்தில் மறுபடி பிளக்கும்.

நசுங்கலுக்கு ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும். அமுங்கிய மரம் ஆவியில் எழும்பும். பெயர்ந்துபோன மரம் வராது. 180, 240, 320 என்று உப்புத்தாள் போட்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். ஐப்பசி கார்த்திகையில் ஆரம்பித்தால் பிசுபிசுவென்றே நிற்கும். மாசி பங்குனி நல்லது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவிடுங்கள்.

மேல்துருவுக்கு மிக மெல்லிய ஸ்டீல் வுல்லும் தையல் மெஷின் எண்ணெயும் போதும். உப்புத்தாள் பட்டால் கறுப்பு போய்விடும். தேங்காய் எண்ணெய் பிசினாகிப் பொறியை ஒட்டிக்கொள்ளும். விசை கனமாக இருக்கிறது என்று நீங்களே அரம் போடவே கூடாது. கொக்கி தேய்ந்தால் தட்டினாலே வெடிக்கும். அது பழுதுபார்ப்பவர் வேலை.

ரெக்சின் உறையில் வைத்தால் உப்பு ஈரம் உள்ளேயே நிற்கும். தொட்ட ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு பூட்டிய அலமாரியில், குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போதுதான் எண்ணெய் வழிந்து கட்டையில் இறங்காது.